உப்புக்கு யார் பொறுப்பு?

குழந்தைக்குப் பேச்சு வரவில்லை, படிப்பு ஏறவில்லை என்றால் ஊர் முதலில் கேட்பது தாயைத்தான்: "வயித்துல இருக்கும்போது நீ என்ன சாப்பிட்டே?" அவள் வைத்த குழம்பில் உப்பு கூடியதா குறைந்ததா என்று ஆயுள் முழுக்கச் சோதிக்கும் குடும்பம், அந்த உப்பில் அயோடின் இருந்ததா என்று ஒருநாளும் கேட்பதில்லை.

முதல் மாதங்களில் கருவின் மூளை, தாயின் தைராய்டு சுரப்பை நம்பியே வளர்கிறது. அந்தச் சுரப்புக்கு அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றப் பெரியவர்களுக்கு 150 போதும். பற்றாக்குறை கடுமையானால் கரு கலையலாம். குழந்தை இறந்தே பிறக்கலாம். பிழைத்தாலும் மூளை வளர்ச்சி குன்றலாம்.

நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவதற்குள் எத்தனை வாரங்கள் ஓடிவிடுகின்றன! அங்கே தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையில் அயோடின் கிடையாது. ஆகவே கர்ப்பிணிக்கு அறிவுரை சொல்வது மட்டும் தடுப்பாகாது. அவள் கருவுறும் முன்பே எல்லா வீட்டு உப்பும் சரியாக இருக்க வேண்டும். அது மருமகளின் கடமையல்ல, அரசின் கடமை.

அரசுக்கு இது தெரியாததல்ல. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழுத்துக் கழலை குறைவதைக் காட்டியது. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. ஆனால் 2000-இல், கட்டாயம் வேண்டாம், மக்கள் விருப்பத்துக்கு விடுவோம் என்று சொல்லி, அயோடின் சேர்க்காத உப்புக்கு இருந்த தடையை ஒன்றிய அரசு நீக்கியது. 2005-இல்தான் மீண்டும் தடை அறிவித்தது. யாருடைய விருப்பம்? வாங்குகிற உப்பைக் காசு தீர்மானிக்கும் வீட்டில், பெண்ணின் விருப்பத்துக்கு என்ன இடம்?

தூத்துக்குடியும் வேதாரண்யமும் உப்பு விளைகிற மண். அங்கே வெயிலில் உப்பு வாருவதும் சுமப்பதும் பெண்கள். ஆனாலும் அயோடின் சேராத கல் உப்பு நம் தெருக்களில் மலிவாகக் கிடைக்கிறது. கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்று நம்புகிறோம். அதில் இருப்பது அற்பம். இயற்கை உணவு என்ற பெயரில் படித்தவர்களும் கல் உப்புக்குத் திரும்புகிறார்கள்.

நமக்கோ, "உப்பு டப்பாவை மூடி வை, சமைத்து இறக்கும்போது போடு" என்ற அறிவுரை. சரியான அறிவுரைதான். உப்பில் அயோடினே இல்லாதபோது மூடி எதைக் காக்கும்?

வாங்குபவர் கைக்கு வரும்போது உப்பில் 15 பிபிஎம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதை உப்பளத்திலும் கடையிலும் சோதியுங்கள். ரேஷனில் நல்ல உப்பை எல்லோருக்கும் எட்டும் விலையில் கொடுங்கள். பிறக்கப்போகும் பிள்ளையின் அறிவுக்காக மட்டுமல்ல. கழுத்து வீங்கி, உடல் சோர்ந்து, "சோம்பேறி" என்று ஏச்சு வாங்கும் பெண்ணுக்காகவும்தான் கேட்கிறோம். பிள்ளை பெறாதவளுக்கும் தைராய்டு இருக்கிறது.