ஓடுற வீட்டுக்குத் துப்பாக்கி எதுக்கு?

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, பதினொரு மணி இருக்கும். டல்லாஸிலிருந்து போன். காலேஜில் என்னோடு பி.காம். படித்து, அப்புறம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்த நண்பன்.

"மச்சான், வேன் வாங்கிட்டேன்."

"எதுக்குடா, ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்தி இறக்கவா?"

"குடியிருக்க!"

சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் இது ஒரு தனி வாழ்க்கை. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் தகடு எல்லாம் பொருத்தி அதையே வீடாக்கிக்கொள்வது. 2008 பொருளாதாரச் சரிவில் வேலையையும் வீட்டையும் இழந்து வேனுக்கு வந்தவர்கள் நிறைய. அவர்களைப் பற்றி எழுதப்பட்ட 'நோமேட்லேண்ட்' புத்தகம் படமாகி, 2021ல் ஆஸ்கரும் வாங்கியது. நம்ம ஆள் கதையும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். விவாகரத்து ஆகி இரண்டு வருஷம். வேலை போய் ஒரு வருஷம். வீட்டை விற்றாயிற்று.

"இனிமே வாடகை இல்ல, ஈ.எம்.ஐ. இல்ல. 63 நேஷனல் பார்க்கையும் பார்த்துட்டுத்தான் சாவேன். எல்லாம் ரெடி. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. துப்பாக்கி! பிஸ்டலா, ரிவால்வரா, ஷாட்கன்னா? நீ பத்திரிகைக்காரன், நாலு விஷயம் தெரிஞ்சவன். சொல்லு."

ஃப்ரிட்ஜில் எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்கிற அதே குரல். நம் ஊரில் துப்பாக்கி வேண்டும் என்றால் 1959 ஆயுதச் சட்டப்படி மனுப் போட்டு, போலீஸ் விசாரணை முடிந்து, லைசென்ஸ் வருவதற்குள் ஆசையே போய்விடும். அங்கே அது 1791லிருந்து அரசியல் சட்ட உரிமை. அவன் இப்போது அமெரிக்கக் குடிமகன். கேட்பதில் தப்பில்லை. (ஹெச்-1பி விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள் ஆசைப்பட வேண்டாம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, அவர்கள் கையில் துப்பாக்கி இருப்பதே அங்கே குற்றம்.)

நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். படித்ததைக் கணக்குப் பிள்ளை மாதிரி வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'எந்தத் துப்பாக்கி?' என்ற கேள்வியே தப்பு.

ஏன்?

வீட்டுக்குத் திருடன் வந்தால் வீட்டுக்காரன் எங்கே ஓடுவான்? நாலு சுவர், பூட்டிய கதவு. அதனால் ஆயுதம் தேடுகிறான். வேன்காரனுக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. அவன் வீட்டுக்கு நாலு சக்கரம் இருக்கிறது, என்ஜின் இருக்கிறது. ஆபத்து வந்தால் வீட்டோடு ஓடலாம்! உலகத்தில் எந்த பங்களாவுக்கும் இல்லாத வசதி. அதை மறந்துவிட்டுத் துப்பாக்கிக் கடையில் போய் நின்றால் என்ன அர்த்தம்?

சரி, வாங்குகிறான் என்றே வைத்துக்கொள்வோம். எதை?

ஷாட்கன்? குழாய் மட்டுமே 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது 1934ஆம் வருஷத்துச் சட்டம். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் அதைத் திருப்பவே இடம் இருக்காது. ரைஃபிள்? அதுவும் நீளம்தான், வேகமோ அதிகம். பிஸ்டல்? கைக்கு அடக்கம். ஆனால், வேனின் சுவர் சுவரே இல்லை, தகரம். 9 எம்.எம். குண்டு அதைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வேனில் தூங்குகிறவரையும் விசாரிக்கும். தவிர, 140 டெசிபலைத் தாண்டினாலே காது உடனடியாகக் கெடலாம் என்கிறார்கள். துப்பாக்கிச் சத்தம் அதையும் தாண்டும். அடைத்த பெட்டிக்குள் சுட்டால் காது என்ன ஆகும்? காலடியில் கேஸ் சிலிண்டர் வேறு!

அடுத்து சட்டம். வாங்கும்போதே தகராறு. படிவத்தில் குடியிருக்கும் முகவரி எழுத வேண்டும். போஸ்ட் பாக்ஸ் நம்பர் செல்லாது. சொந்த மாநிலத்துக் கடையில்தான் கைத்துப்பாக்கி வாங்க முடியும். சக்கரத்தின் மேல் குடியிருப்பவனுக்குச் சொந்த மாநிலம் எது?

வாங்கிய பிறகு இன்னும் வேடிக்கை. வேன் வீடா, வண்டியா? 1985ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதற்குப் பதில் சொன்னது. சான் டியேகோவில் நின்றிருந்த ஒரு குடியிருப்பு வேனை வாரன்ட் இல்லாமல் போலீஸ் சோதனை போட்ட வழக்கு. 'தகுந்த காரணம் இருந்தால் போதும், அது வீடு இல்லை, வண்டி' என்று தீர்ப்பு. அதாவது, பயம் வரும்போது உங்களுக்கு அது வீடு. போலீஸ் வரும்போது அது வண்டி.

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள பர்மிட்டே வேண்டாம். ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி எல்லாம் அடுத்த மாநிலத்து பர்மிட்டைச் சீந்துவதுகூட இல்லை. 2013ல் பென்சில்வேனியாவிலிருந்து நியூ ஜெர்சிக்குள் காரில் போனார் ஒரு பெண். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியதும், 'என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பர்மிட்டும் இருக்கிறது' என்று அவரே யோக்கியமாகச் சொன்னார். கைது! மூன்றரை வருஷ ஜெயில் தலைக்கு மேல் தொங்கியது. 2015ல் கவர்னர் மன்னித்ததால் தப்பினார். 2014ல் ஒரு முன்னாள் ராணுவ வீரர், தன் மொத்த உடைமையையும் மூன்று துப்பாக்கிகளையும் வண்டியில் வைத்துக்கொண்டு, வழி தவறி மெக்சிகோ எல்லையைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார். ஏழு மாசம் சிறை.

'மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக மத்திய சட்டமே பாதுகாப்பு தருகிறதே' என்பீர்கள். 1986லிருந்து தருகிறது. எப்படி? குண்டு போடாமல், கைக்கு எட்டாமல். டிக்கி இல்லாத வண்டி என்றால், பெட்டிக்குள் வைத்துப் பூட்டி. அதுவும் கடந்து போகிறவனுக்குத்தான், தங்குகிறவனுக்கு இல்லை. பூட்டிய பெட்டிக்குள் குண்டு இல்லாமல் கிடக்கும் துப்பாக்கி எந்தத் திருடனை விரட்டும், சொல்லுங்கள்!

இனி முக்கியமான கேள்வி. ராத்திரி இரண்டு மணிக்கு வேன் கதவைத் தட்டுகிறவர் யார்?

பெரும்பாலும் போலீஸ்காரர். இல்லையென்றால் கார் பார்க்கிங்கின் செக்யூரிட்டி. 'இங்கே தூங்கக் கூடாது, எடு வண்டியை' என்று சொல்ல வருகிறவர். பொது இடத்தில் முகாமிட்டுத் தூங்குகிறவர்களை ஊர் நிர்வாகங்கள் தண்டிக்கலாம் என்று 2024ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இந்தத் தட்டல் குறையப்போவதில்லை. தூக்கக் கலக்கம், கும்மிருட்டு, கையில் குண்டு போட்ட துப்பாக்கி, வெளியே போலீஸ். யார் முதலில் சுடுவார்கள் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. 1992ல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரத்தில் 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன், ஹாலோவீன் பார்ட்டிக்குப் போகிற வழியில் வீடு மாறிப் போய் நின்றான். வீட்டுக்காரர் சுட்டார். செத்தான். 'அசையாதே' என்று அவர் கத்தியிருக்கிறார். அந்தப் பையனுக்கு அது புரியவில்லை. நம்ம ஊர் முகத்தோடு, நம்ம ஊர் இங்கிலீஷோடு அமெரிக்கக் காட்டில் நிற்கப்போகிறவன், துப்பாக்கிக்கு எந்தப் பக்கத்தில் தான் மாட்டுவோம் என்பதையும் யோசிக்க வேண்டாமா?

63 பார்க் பார்க்கப் போகிறானே, அங்கே என்ன கதை? மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு வைத்திருக்கலாம் என்று 2010ல் அனுமதித்தார்கள். ஆனால் பார்க் அலுவலகக் கட்டடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆக, பல நேரம் வேனில் விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். திருடனுக்குத் தேவையும் அதுதான். 2015ல் சான் பிரான்சிஸ்கோவில் தந்தையோடு கடலோரம் நடந்துகொண்டிருந்த ஒரு பெண் குண்டு பாய்ந்து இறந்தார். அந்தத் துப்பாக்கி யாருடையது தெரியுமா? அரசாங்க ரேஞ்சர் ஒருவருடையது. சில நாள் முன்பு, நிறுத்தியிருந்த அவருடைய காரிலிருந்து களவு போனது! பயிற்சி பெற்ற அதிகாரிக்கே அந்த கதி.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு நியாயமான கேள்வி பாக்கி இருக்கிறது. 'தனியாக வேனில் போகும் ஒரு பெண், செல்போன் சிக்னல் இல்லாத பாலைவனம், போலீஸ் வர ஒரு மணி நேரம். அவள் என்ன செய்வாள்?'

அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2021 ஆகஸ்டில் யூட்டா மாநிலம் மோவாப் ஊருக்குப் பக்கத்து மலையில் முகாமிட்டிருந்த புதுமணத் தம்பதி, இரண்டு பெண்கள், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 'பக்கத்தில் ஒரு ஆள் சரியில்லை, இடத்தை மாற்ற வேண்டும்' என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பயந்தது வீண் பயம் இல்லை. ஆனால் அதே மோவாப்பில், அதே மாதத்தில், ஒரு வெள்ளை ஃபோர்டு வேனை போலீஸ் நிறுத்தியது. உள்ளே 22 வயதுப் பெண்ணும் அவளுக்கு நிச்சயமான பையனும். தகராறு. வழக்குப் போடாமல், அன்று ராத்திரிக்கு இருவரையும் பிரித்து அனுப்பினார்கள். அடுத்த மாதம் வயோமிங் காட்டில் அந்தப் பெண்ணின் உடல் கிடைத்தது. கொன்றவன் கூட வந்தவனே. பிறகு அவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். கதவுக்கு வெளியே இருக்கும் ஆபத்துக்கு என்று வாங்குகிற துப்பாக்கி, கதவுக்கு உள்ளே இருக்கும் ஆபத்துக்குத் துணை போகாது என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்?

வண்டியில் குடியிருப்பது என்னமோ அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். நாமக்கல் லாரி டிரைவர்கள் எத்தனையோ வருஷமாக அதைத்தான் செய்கிறார்கள். ஒரு கட்டுரைக்காக நாமக்கல்லிலிருந்து நாக்பூர் வரை லாரியில் போனேன். வழியில் ஓர் இடத்தில் நல்ல நிழல், நல்ல இடம். டிரைவர் நிறுத்தவில்லை. இருபது கிலோமீட்டர் தள்ளி, டியூப்லைட் எரிகிற ஒரு டீக்கடை வாசலில், ஏற்கெனவே பத்து லாரி நின்ற இடத்தில் கொண்டுபோய்ச் செருகினார், வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்த்தபடி. "ராத்திரியில பயமா இருக்காதாண்ணே?" என்று கேட்டேன். "பயமா இருக்கிற இடத்துல வண்டியை ஏன் சார் நிறுத்தணும்?" என்றார்.

நண்பனுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான். வெளிச்சமான இடம், நாலு பேர் பக்கத்தில், மூக்கு ரோட்டைப் பார்த்து, சாவி கைக்கெட்டும் தூரத்தில். மனசு சரியில்லை என்றால் காரணம் தேடாதே, கிளம்பு. எங்கே நிற்கிறாய் என்று தினமும் யாருக்காவது மெசேஜ் போடு. கரடிக்குக்கூட ஸ்பிரே கொண்டுபோங்கள் என்றுதான் யெல்லோஸ்டோன் பார்க்கில் சொல்கிறார்கள்.

கணக்கில் ஒரு வரியை மட்டும் அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. 2023ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். கொலை 17,927. தற்கொலை 27,300! பத்துப் பேர் செத்தால் கிட்டத்தட்ட ஆறு பேரைக் கொன்றது எந்தத் திருடனும் இல்லை, அவர்கள் கைதான். வேறு வழியில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலோர் அதற்கப்புறம் தற்கொலையால் சாவதில்லை. துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பைத் தருவதில்லை. வேலை போனவன், மனைவி பிரிந்தவன், தனி வேன், நீளமான ராத்திரி, தலையணைக்குக் கீழே துப்பாக்கி. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மனசு ரொம்பக் கனத்தால் 988 என்று மூன்றே எண், எந்த நேரமும் அங்கே ஆள் பேசும் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எழுதுடா, பேரை மட்டும் போடாதே" என்றான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை, மாமா, மச்சான் யாராவது அங்கே இப்படித் தனியாகக் கிளம்பி, 'எந்த மாடல் வாங்கலாம்?' என்று கேட்டால், மாடலை ஆராயாதீர்கள். 'எப்படிடா இருக்கே?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை போனை வைக்காதீர்கள்.

அவன் இன்னும் துப்பாக்கி வாங்கவில்லை. வாங்கவே மாட்டான் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்கிறேன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"வண்டி இன்னிக்கு எங்கேடா நிக்குது?"