ஹெர்ட்ஸ் வியாபாரம்

அமிர்தியிலிருந்து பஸ் பிடித்து வேலூர் போய், பேரன் கேம் ஆட மானிட்டர் கேட்டேன். "240 ஹெர்ட்ஸ் எடுங்க சார்!" என்றார் கடைக்காரர். வீட்டில் என்ன கம்ப்யூட்டர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது என்ன நியாயம்?

ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. படத்தை உருவாக்கித் தருவது கிராபிக்ஸ் கார்டு. அது நொடிக்கு 60 படம்தான் தரும் என்றால், 240 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொன்றையும் நாலு தடவை காட்டும், அவ்வளவே. (பிரெஞ்சில் படித்தவனுக்கு லூமியேர் சகோதரர்கள் ஞாபகம் வராமல் போகுமா? 1895இல் நொடிக்குச் சுமார் 16 படத்தில் பாரிஸே வாயைப் பிளந்தது.)

பென்ஷன்காரர்களே, கார்டின் பெயரை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். நடுத்தரக் கார்டுக்கு 24 அங்குலம், 1920 x 1080, 144 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் திரை தாராளம். வீட்டுக்கு வந்ததும் விண்டோஸ் செட்டிங்கில் 144 இருக்கிறதா என்று பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் 60இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.