‘லைன் இல்லை’ என்ற கவலைக்குத் துணைக்கோளம் தீர்வாகுமா?

2020-இல் சபாவைச் சேர்ந்த ஒரு மாணவி, இணையத் தேர்வு எழுத மரத்தில் ஏறி உட்கார்ந்த வீடியோ வைரலானது நினைவிருக்கா? லைன் பிரச்சினை சபா, சரவாக்கோடு முடியும் கதையல்ல. ஜொகூரிலேயே மெர்சிங் கடலுக்கு அப்பால் உள்ள ஆவுர், பெமாங்கில் தீவுகளையும், எண்டாவ்-ரொம்பின் காட்டில் உள்ள ஓராங் அஸ்லி கிராமமான கம்போங் பெத்தாவையும் நினைத்துப் பாருங்கள்.

கோபுரம் கட்டினால் போதாதா?

கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். அதை வெளியுலகோடு இணைக்க ஃபைபரோ மைக்ரோவேவ் தொடர்போ வேண்டும். காட்டையும் கடலையும் தாண்டினால் செலவு எகிறும். பயனர்களோ கொஞ்சம் பேர்தான். 2020-இல் அறிவிக்கப்பட்ட ஜென்டெலா திட்டம், மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி கொடுப்பதை முதல் கட்ட இலக்காக வைத்தது. எஞ்சிய 3 விழுக்காடுதான் ஆகக் கடினமானது. துணைக்கோளம் தேவைப்படுவது அங்கேதான்.

இரண்டு வகை

2022 ஜூனில் ஏவப்பட்ட மியாசாட்-3டி, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலச் சுற்றுகிறது. ஒரே துணைக்கோளம் நாடு முழுவதையும் பார்க்கும். ஆனால், நாம் ஒன்றைக் கேட்டு பதில் வர அரை விநாடி ஆகும்; வீடியோ காலில் பேச்சு இடிக்கும். ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரில் பறப்பதால் தாமதம் மிகக் குறைவு. இரண்டுக்குமே மரம் மறைக்காத வானம் வேண்டும்; அடைமழையில் சிக்னல் தடுமாறும்.

பில் யார் கட்டுவது?

2023 ஜூலையில் ஸ்டார்லிங்க் மலேசியாவுக்கு வந்தபோது மாதக் கட்டணம் 220 ரிங்கிட், கருவிக்கு 2,300 ரிங்கிட். அப்போதைய குறைந்தபட்சச் சம்பளமோ 1,500 ரிங்கிட். ஒன்றரை மாதச் சம்பளத்தைக் கொட்டினால்தான் கருவியே கைக்கு வரும்!

அதனால்தான் ஊருக்கு ஒரு டிஷ், அதிலிருந்து எல்லாருக்கும் வைஃபை என்ற வழி முக்கியமாகிறது. மியாசாட்டின் கனெக்ட்மீ நவ் சேவை இந்த வகைதான். பள்ளி, உயர்கல்விக் கூடங்களுக்காக 40 ஸ்டார்லிங்க் கருவிகள் வாங்கப்படும் என 2023-இல் அரசாங்கமும் அறிவித்தது.

டிஷ் பொருத்துவது ஒருநாள் வேலை. மாதாமாதம் கட்டணம் கட்டுவதும், பழுதானால் ஆள் அனுப்புவதும்தான் நீண்ட வேலை. அடுத்த முறை இணைய வசதி பற்றிய விழுக்காட்டைச் செய்தியில் பார்த்தால், அந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.