உபதேசத்தால் அணையாத நெருப்பு

"புற்றுநோய்தான் வந்தாகிவிட்டதே, இனிமேல் சிகரெட்டை விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? இருக்கிற வரைக்கும் ஆசைப்பட்டதை அனுபவித்துவிட்டுப் போகட்டும்!" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்பதற்கு மிகவும் இரக்கமான பேச்சுத்தான். ஆனால், ஒரு நோயாளியைப் பற்றி இதைவிட இரக்கமற்ற பேச்சு வேறு இருக்க முடியாது என்பது என் கட்சி.

ஏனென்றால், அது பொய். புகைப்பதால் நுரையீரலில் புற்று வருகிறது என்று 1964-இல் உலகறியச் சொன்ன அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் அறிக்கை வரிசையில், சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 2014-இல் வெளிவந்த அறிக்கை இன்னொரு விஷயத்தையும் சொல்லிற்று. புற்றுநோய் கண்ட பிறகும் புகைத்துக்கொண்டிருப்பவர்கள் சாவது அதிகம். இரண்டாவதாக வேறொரு புற்று அவர்களைப் பற்றும் அபாயமும் அதிகம். இதில் மர்மம் ஒன்றுமில்லை. கதிர்வீச்சு, பிராணவாயு நன்றாகப் பாய்கிற கட்டியில்தான் நன்றாக வேலை செய்யும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ, ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. கத்தி வைத்த புண் ஆறவும் நாளாகிறது. நுரையீரல் புற்றுக்குத் தரப்படும் எர்லோட்டினிப் என்ற மாத்திரையைப் புகைப்பவர் உடம்பு சீக்கிரமாகவே கரைத்துத் தள்ளிவிடுகிறது. நகையை அடகு வைத்து வாங்கிய மருந்தில் ஒரு பங்கைப் பீடி தின்றுவிடுகிறது என்று அர்த்தம். "அனுபவிக்கட்டுமே" என்கிற தர்மவான்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததுண்டா?

இவர்களுக்கு நேர் எதிரே இன்னொரு கூட்டம் நிற்கிறது, உபதேசிகளின் கூட்டம். "சாவு வாசலில் நிற்கிறது, இந்தப் பாழும் பீடியை விட முடியவில்லையா? மனோதிடம் வேண்டாமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். மனோதிடம்! நிகோடின் மூளைக்குப் போய்ச் சேரச் சில விநாடிகள் போதும். விட்டவனுக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மிகவும் கொடுமை. எரிச்சலும் தவிப்பும் பிறகும் சில வாரங்கள் நிற்கும். முப்பது வருஷமாக ஒரு பொருளுக்கு அடிமைப்பட்டு, இன்று மரண பயமும், கடன் கவலையும், வாந்தியும் தூக்கமின்மையும் ஒருசேர வந்து அழுத்துகிறவனிடம் போய், "திடமாக இரு" என்பது, நீந்தத் தெரியாதவன் முழுகும்போது கரையில் நின்றுகொண்டு நீச்சலின் பெருமையைப் பேசுவதற்குச் சமம். அந்த உபதேசத்தின் பலன் என்ன தெரியுமா? அவன் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறான். மனைவியிடம் "விட்டுவிட்டேன்" என்கிறான். டாக்டரிடமும் அதையே சொல்கிறான். ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே போய், குற்றவாளியைப்போல் ஒன்றைப் பற்ற வைக்கிறான். கதை எழுதுகிறவனுக்குத் தெரிந்த சங்கதி இது: வெட்கம் மனிதனைத் திருத்துவதில்லை, ஒளியத்தான் வைக்கிறது.

பின்னே என்னதான் செய்வது? இங்கிலீஷில் 'நட்ஜ்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. பக்கத்திலிருப்பவரை முழங்கையால் இலேசாக இடித்து உணர்த்துவது. ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டைனும் 2008-இல் இந்தப் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார்கள். தேலருக்கு 2017-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. மனிதனைத் தடுக்காமல், தண்டிக்காமல், நல்ல வழியை அவனுக்குச் சுலபமான வழியாக்கி வை என்பதுதான் சாரம்.

இந்த வித்தையைப் பேராசிரியர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று எண்ண வேண்டாம். சிகரெட் வியாபாரிக்கு இது பரம்பரைச் சொத்து. பாக்கெட் வாங்கக் காசில்லாதவனுக்கு ஒற்றைச் சிகரெட்; தீப்பெட்டி இல்லாதவனுக்குக் கடையிலேயே தொங்கும் நெருப்பு. 2003-ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டம், கல்விக்கூடத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் விற்கக்கூடாது என்கிறது. ஆஸ்பத்திரியை அந்தப் பிரிவில் சேர்க்கவில்லை. பீடி கேட்காமலே கைக்கு வரும். அதை விடுவதற்கான உதவியை மட்டும் நோயாளி தேடிக்கொண்டு போக வேண்டும்! எந்த மாடி, எந்த அறை, எந்தக் கிழமை என்று விசாரித்து, வரிசையில் நின்று, தன் பலவீனத்தை அந்நியர் ஒருவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். இது என்ன நியாயம்?

ஆகவே ஏற்பாட்டைத் தலைகீழாக்குங்கள் என்கிறேன். "வேண்டுமானால் கேள்" என்பதை "வேண்டாமென்றால் சொல்" என்று மாற்றுங்கள். புகைப்பவர் என்று சீட்டில் எழுதிய மறுகணமே, ஆலோசகரைப் பார்க்கும் நேரமும் மருந்தும் தாமாகவே அந்தச் சீட்டில் ஏறிவிட வேண்டும். மருந்துக்கு என்ன குறை? நிகோடின் சூயிங்கம்மையும் பட்டையையும் உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வரெனிக்ளினையும் புப்ரோபியானையும் 2021-இல் சேர்த்தது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துப் புற்றுநோய் மருத்துவர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். டாக்டரின் கம்ப்யூட்டரே, "இவர் புகைப்பவர், சிகிச்சைக்கு அனுப்பவில்லையா?" என்று இடித்துக் கேட்டபோது, மேலும் பலருக்கு அந்தச் சிகிச்சை கிடைத்தது. நோயாளிக்கு மட்டும் செய்தி அனுப்பியதில் அந்தப் பலன் இல்லை. முதலில் இடிபட வேண்டிய விலா யாருடையது என்று இப்போது விளங்குகிறதா? சிகிச்சை கிடைத்தவரெல்லாம் விட்டுவிடுவார் என்று நான் சொல்லவில்லை. திறக்காத கதவு வழியாக எவரும் வெளியேற முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

"இது மனிதனின் சுதந்திரத்தில் தலையிடுவதல்லவா?" என்று சில அறிவாளிகள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி, ஆனால் அதை அந்தப் பெட்டிக்கடைக்காரரிடமும் அவருக்குச் சரக்கு அனுப்புகிற முதலாளியிடமும் முதலில் கேட்டுவிட்டு வாருங்கள். வேண்டாமென்று சொல்லும் உரிமை நோயாளிக்கு எப்போதும் இருக்கிறது. அவனுக்கு இல்லாமலிருந்தது, வேண்டும் என்று சொல்லச் சுலபமான ஒரு சந்தர்ப்பந்தான். 2018 முதல் நம் சிகரெட் பாக்கெட்டுகளின் மேலேயே, பழக்கத்தை விட உதவும் இலவசத் தொலைபேசி எண்ணை அச்சிட வைத்திருக்கிறது அரசாங்கம். கை போகிற இடத்திலேயே உதவியை வைத்தார்களே, அது புத்திசாலித்தனம். பாக்கெட்டுக்கு வந்த அந்தப் புத்தி ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் வரட்டும்.

"புகைப்பதுண்டா?" என்று கேட்டு, "உண்டு" என்று எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்களே, அந்த வழக்கம் ஒழிய வேண்டும். பதிலைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்யாதவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் யோக்கியதை இல்லை.