சில்லறைக் காசில் வளர்ந்த சிகிச்சை: இதில் தமிழர் பங்கு என்ன?

(நமது கல்பாத்தி நிருபர்)

ஆண்டுதோறும் ஜனவரி 15-ஆம் தேதி கேரளத்தில் ‘பாலியேட்டிவ் தினம்’ அனுசரிக்கப்படுகிறது. குணமாக்க இயலாத நோயில் படுத்துவிட்டவர்களை வீடு தேடிச் சென்று, வலியைக் குறைத்து, புண்ணைக் கழுவி, ஆறுதல் சொல்லும் சிகிச்சைக்கு இங்கு வழங்கும் பெயர் அது. நம் மொழியில் நோவு தணிப்புச் சிகிச்சை எனலாம். இதற்காகக் கடைகளில் வைக்கப்படும் உண்டியல்களில் பாலக்காட்டிலும் மூணாறிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலரும் காசு போட்டிருப்பார்கள். அந்தக் காசு எங்கே போகிறது, அதனால் விளைந்தது என்ன, அதில் காசு போடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுகிறதா என்பன ஆராயத்தக்க கேள்விகள்.

ஓர் அறையில் தொடக்கம்

1993-ஆம் ஆண்டு கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் கே. சுரேஷ்குமார் ஆகியோரும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு இருந்தது ஒரு சிறிய அறைதான். முற்றிய புற்றுநோயாளிகளிடம் “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்” என்று சொல்லி அனுப்புவது ஆஸ்பத்திரிகளில் சகஜமாக இருந்த காலம் அது. நோயைத் தீர்க்க முடியாவிட்டாலும் வலியைத் தீர்க்க முடியுமே என்பதே இவர்கள் எழுப்பிய கேள்வி.

அதற்கும் ஒரு தடை இருந்தது. கடும் வலிக்கு ஏற்ற மலிவான மருந்து மார்பின் மாத்திரை. அபின் விளையும் நாடு நம் நாடு. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம் வந்த பிறகு, பல லைசென்சுகள் வாங்கினால்தான் அதை வைத்திருக்க முடியும் என்றாயிற்று. தொல்லை வேண்டாமென்று ஆஸ்பத்திரிகள் அதைக் கைவிட்டன. 1990-களின் இறுதியில் கேரளம் தன் விதிகளை எளிமையாக்கியது. நாடு முழுவதற்குமான சட்டத்திருத்தம் 2014-இல்தான் வந்தது.

அறையை விட்டு வீதிக்கு

மருந்து கிடைத்தாலும், வாங்க வருவதற்கு நோயாளியால் எழ முடியவில்லை. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் சிலீப்பர் வகுப்புக் கட்டணம் கிடையாது. துணைக்கு வருபவருக்கும் நான்கில் மூன்று பங்கு சலுகை உண்டு. ஆனால் பாயை விட்டு எழ முடியாதவருக்குச் சலுகை டிக்கெட்டால் என்ன பயன்? எனவே சிகிச்சைதான் அவரைத் தேடிப் போக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இங்கேதான் அந்தச் சிறு முயற்சி பெரிதாயிற்று. 2000-ஆம் ஆண்டை ஒட்டி மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரைக் கொண்டே குழுக்கள் அமைக்கப்பட்டன. சேருவதற்குப் படிப்போ பதவியோ கேட்கவில்லை. வாரத்தில் 2 மணி நேரம் ஒதுக்க முடியுமா என்றே கேட்டார்கள். 16 மணி நேர வகுப்பும், நோயாளிகளைப் பார்க்கும் 4 நாள் பயிற்சியும் தந்தார்கள். பெரிய தனவந்தர்களுக்காகக் காத்திராமல் நாளைக்கு ஒரு ரூபாய் என்று வசூலித்தார்கள். மாணவர்களும், பஸ் தொழிலாளிகளும், சுமை தூக்குவோரும் கொடுத்தார்கள். மருந்தோடு, சம்பாதிப்பவர் படுத்துவிட்ட குடும்பத்துக்கு அரிசியும், குழந்தைகளின் படிப்புக்கு உதவியும் போயின.

2008-இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. வீடு தேடிச் செல்லும் நர்ஸ்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு பஞ்சாயத்துகளுக்கு வந்தது. 2010-இல் லண்டன் ‘எகனாமிஸ்ட்’ பத்திரிகையைச் சார்ந்த ஆய்வுப் பிரிவு, இறுதிக்காலப் பராமரிப்பில் 40 நாடுகளை ஒப்பிட்டது. இந்தியாவுக்குக் கிடைத்தது கடைசி இடம். ஆனால் மக்கள்தொகையில் 3 சதவீதமே உள்ள கேரளம், நாட்டில் நடைபெறும் இச்சிகிச்சையில் மூன்றில் இரண்டு பங்கை அளிக்கிறது என்று அதே அறிக்கை கூறியது.

இரு வகை வளர்ச்சி

சிறிதாகத் தொடங்கிப் பெரிதான தருமங்கள் தமிழ்நாட்டுக்கும் புதியவை அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. மதுரையில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்று இரண்டும் உலகம் அறிந்த ஸ்தாபனங்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. அவை கைதேர்ந்த மருத்துவர்களைச் சுற்றிப் படுக்கை படுக்கையாக வளர்ந்தவை. கண் அறுவையை அண்டை வீட்டுக்காரர் செய்ய முடியாது. நோவு தணிப்பில் பாதிக்கு மேல் வேலை அண்டை வீட்டுக்காரரால் ஆகக் கூடியது. படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவதற்கும், மருந்து வேளையை நினைவூட்டுவதற்கும், அருகில் உட்கார்ந்து பேசுவதற்கும் பட்டம் தேவையில்லை. அதனால் இது கட்டடமாக வளராமல் தெருத்தெருவாகப் பரவியது. கொடுத்த காசின் கணக்கையும் அதே தெருவில் கேட்க முடிந்தது.

யானையும் வடமும்

ஐப்பசியில் கல்பாத்தித் தேரைப் பார்த்தவர்கள் அறிவார்கள். முன்னே ஊரார் வடம் பிடிப்பார்கள். பின்னே யானை தள்ளும். அரசு கொடுக்கும் பணமும் நர்ஸும் யானை பலத்துக்கு ஒப்பானவை. ஆனால் “இனி யானை பார்த்துக்கொள்ளும்” என்று ஊரார் வடத்தை விட்டுவிட்டால் தேர் நேர்வழியில் போகாது. பஞ்சாயத்து நர்ஸ் ஒருவரால் தினமும் எல்லா வீட்டுக்கும் வர இயலாது. அவர் வராத நாட்களில் யார் பார்ப்பது என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. அரசு வந்த பின் மக்கள் விலகினால், எஞ்சுவது இன்னொரு அரசாங்கத் திட்டமாகவே இருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

கஞ்சிக்கோட்டு ஆலைத் தொழிலாளிக்கும், தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் லயங்களில் வசிப்பவருக்கும் இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அது மொழி. வலி என்பது ஒன்றல்ல. குத்தல் வேறு, குடைச்சல் வேறு, எரிச்சல் வேறு, கடுப்பு வேறு. நரம்பு பாதித்த எரிச்சலுக்கு ஒரு மருந்து, எலும்புக் குடைச்சலுக்கு வேறு மருந்து. மலையாள நர்ஸ் எவ்வளவு அன்பானவராயினும், நம் பாட்டி ‘கடுகடுங்குது’ என்று சொல்வதன் பொருளை எடுத்துச் சொல்ல ஒரு தமிழர் பக்கத்தில் இருப்பது நல்லது. உண்டியல் காசு இந்த வேலையைச் செய்யாது.

வாடகை அறையில் தனியாக இருப்பவர் படுத்துவிட்டால் வெளியே தெரிவதே தாமதம். பலர் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகின்றனர். அங்கும் வழி இல்லாமலில்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிலேயே நோவு தணிப்புச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எனவே வாளையாரைத் தாண்டுமுன், உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய டாக்டர் சீட்டை மறவாமல் வாங்கிச் செல்ல வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் காட்ட வேண்டும்.

இங்கேயே இருப்பவர்கள் செய்யக்கூடியதும் பெரிதல்ல. நமது சங்கங்கள் ஆண்டு விழாவுக்கும் அன்னதானத்துக்கும் ஆள் திரட்டுகின்றன. அது போலவே தெருவுக்கு இருவர், லயத்துக்கு இருவர் என்று இந்த 16 மணி நேரப் பயிற்சிக்கு அனுப்பினால் போதும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பது அவசியம். படுத்திருக்கும் தாய்மார்கள் ஆண்களிடம் வாய் திறக்க மாட்டார்கள். இடம், நாள் முதலிய விவரங்களை அந்தந்தப் பஞ்சாயத்து அலுவலகத்திலோ அரசு ஆஸ்பத்திரியிலோ கேட்டறியலாம்.

பிழைக்க வந்த ஊரில் நமக்கென்று யார் இருக்கிறார்கள் என்று நம்மவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. வாரம் 2 மணி நேரம் கொடுக்கும் இருவர் ஒவ்வொரு தெருவிலும் கிடைத்துவிட்டால், அக்கேள்விக்கு விடை அந்தத் தெருவிலேயே இருக்கும்.