அக்காவைத் தாண்டிப் போன பட்டம்

1943 செப்டம்பரில், இத்தாலியின் சலேர்னோ போரில் பிரிட்டிஷ் கமாண்டோ அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். ஹென்றி வெல்லெஸ்லி, ஆறாவது வெலிங்டன் டியூக். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவரின் வழிவந்தவர். வயது 31, மணமாகாதவர். அவருடைய வம்சாவளியை வாசிப்பவர்கள் அந்த வீரமரணத்தில் நெகிழ்ந்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு அடுத்த வரிதான் முக்கியம்.

அவருக்கு ஓர் அக்கா இருந்தார். 1910இல் பிறந்த ஆன். தம்பிக்குப் பின் வெலிங்டன் பட்டம் அவரிடம் வரவில்லை; அவரைத் தாண்டி, அப்பாவின் தம்பி ஜெரால்டிடம் போனது. 1814இல் கொடுக்கும்போதே அது ஆண் வழிக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருந்தது.

இதே குடும்பத்துக்கு ஸ்பெயின் 1812இல் கொடுத்த சியுதாத் ரொத்ரிகோ டியூக் பட்டமும் உண்டு. ஸ்பெயினிலும் அன்று மகனுக்கே முன்னுரிமை. 2006இல்தான் சட்டம் அதை நீக்கியது. ஆனால் மகன் இல்லாதபோது சித்தப்பாவைவிட மகளுக்கே உரிமை. ஆகவே அந்தப் பட்டம் ஆனுக்கு வந்தது. 1949இல் அவர் அதைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்தார். 'விட்டுக்கொடுத்தார்' என்ற சொல்லின் எடை பெண்களுக்குத் தெரியும்.

அதே பெற்றோர், அதே சாவு. ஒரு நாட்டில் அவர் வாரிசு, இன்னொரு நாட்டில் இல்லை. பிரபுக்கள் மார்தட்டும் 'ரத்தம்' எங்கே போயிற்று? அவர்களுடைய குடும்பப் பெயரே ரத்தத்தில் வந்ததில்லை. முதல் டியூக்கின் தாத்தா ரிச்சர்ட் காலி 1728இல் உறவினர் ஒருவரின் எஸ்டேட்டைப் பெற்றபோது, அவருடைய வெஸ்லி என்ற பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். வெஸ்லிதான் பின்னர் வெல்லெஸ்லி ஆயிற்று. சொத்துக்காக ஓர் ஆண் பெயரையே மாற்றிக்கொள்ளலாம், வம்சம் அறுபடாது. ஒரு மகள் வாரிசானால் மட்டும் அறுந்துவிடுமாம்!

1826 முதல் வெளிவரும் 'பர்க்ஸ் பீரேஜ்' போன்ற வம்சாவளி நூல்களின் மரபையும் பாருங்கள். மூத்தவள் மகளானாலும், மகன்கள் எல்லோரையும் எழுதி முடித்த பிறகே அவள் பெயர் வரும். பிறந்த வரிசைகூட அங்கே திருத்தப்படுகிறது.

பிரிட்டனின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அரியணைக்கு, தம்பிக்கு முன் அக்காவை ஏற்றுக்கொண்டது. பிரபுப் பட்டங்களை அது தொடவில்லை. இதைப் பழம்பெருமை என்று ரசிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. பெற்றுத் தருபவள் பெண், பெறத் தகுதியற்றவளும் பெண் என்று சொல்லும் ஏட்டுக்கு வரலாறு என்று பெயர் சூட்டாதீர்கள். அது சொத்துப் பத்திரம். பத்திரத்தை வாசிப்பதுபோலவே வாசியுங்கள்: யாருக்குப் போயிற்று, யாரைத் தாண்டிப் போயிற்று?