விருந்தினர் இசைக்க, வீட்டார் வாய்பொத்துவதோ?



ஒரு மொழி உயிரோடிருக்கிறதா, உயிர் நீத்துவிட்டதா என்று அறிய அகரமுதலியைப் புரட்ட வேண்டா. அம்மொழி பேசும் ஊரின் தெருவில் ஒரு மாலைப்போது நின்று, அங்கே என்ன பாட்டு ஒலிக்கிறது என்று கேட்டாற் போதும். பள்ளியில் ஒரு மொழியை வலிந்து புகுத்தலாம்; அலுவலகத்தில் ஆணையால் நிலைநிறுத்தலாம். ஆனால் மகிழ்ச்சி மிகுந்த வேளையில் ஒருவன் வாய் எந்த மொழியைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பதை எந்த ஆணையும் முடிவு செய்ய இயலாது. பாட்டே மொழியின் உரைகல்.

அவ்வுரைகல்லில் நம் புதுச்சேரியை உரைத்துப் பார்ப்போம்.

விழா வந்த வழி

1982ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டின் பண்பாட்டு அமைச்சராயிருந்தவர் சாக் லாங். அவர்தம் துறையில் இசைப்பிரிவின் தலைவர் மொரீசு பிளெரே. அந்நாட்டில் ஐம்பது இலக்கம் மக்கள், இளையோருள் இருவருக்கு ஒருவர், ஏதேனுமோர் இசைக்கருவியை இசைக்க வல்லவர் என்று அக்காலத்து ஆய்வொன்று தெரிவித்தது. அப்படியிருந்தும் அவ்விசை முழுவதும் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. 'மன்றங்களில் கட்டணம் செலுத்திக் கேட்பது மட்டுந்தான் இசையா? இசைக்கத் தெரிந்தோர் அனைவரும் ஒரு நாள் தெருவுக்கு வந்தால் என்ன?' என்று அவர்கள் எண்ணினர். ஞாயிறு நெடும்பகல் காட்டும் சூன் 21ஆம் நாளைத் தேர்ந்தெடுத்தனர். தெருவே மேடை; கேட்போர்க்குக் கட்டணமில்லை; கற்றுத் தேர்ந்தவரும் இன்று கற்கத் தொடங்கியவரும் ஒன்றாய் இசைக்கலாம். இதுவே அவ்விழாவின் நெறி.

அவ்விழாவின் பிரெஞ்சுப் பெயரில் ஒரு நயம் உண்டு. 'இசைத் திருவிழா' என்னும் சொற்றொடரும், 'இசை செய்யுங்கள்' என்னும் ஏவலும் அம்மொழியில் ஒரே ஒலிப்பின. விழாவைக் காண வாருங்கள் என்று அழைக்கும் பெயரன்று அது. நீங்களே இசையுங்கள் என்று ஏவும் பெயர். இதை நெஞ்சில் இருத்துக.

இன்று உலகின் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் நடக்கும் இவ்விழா, பிரெஞ்சியர் ஆண்டு நீங்கிய நம் புதுச்சேரியிலும் சூன் 21ஐ ஒட்டி நடக்கிறது. அலியான்சு பிரான்சேசு என்னும் பிரெஞ்சுப் பண்பாட்டு அமைப்பு முன்னின்று நடத்துகிறது. கடலோரத் தெருக்களில் குழுவுக்குப் பின் குழுவாய் இசைக்கின்றனர். மின்கித்தாரும் முரசுத் தொகுதியும் ஊதுகுழல்களும் முழங்குகின்றன. ஒரு முனையில் ஒன்றைக் கேட்டுவிட்டு மறுமுனைக்கு நடந்தால் வேறொரு குழு. ஒரே இரவில் பல குழுக்களைக் கண்ணெதிரே கேட்கும் வாய்ப்பு. இளைஞர் கூட்டம் அலை மோதுகிறது.

இதைக் கண்டு நம்மவருள் சிலர் சினங்கொள்கின்றனர். 'அயலான் விழா, புறக்கணிப்போம்' என்கின்றனர். நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். பிரெஞ்சியர் தம் பண்பாட்டைத் தாம் பரப்புகின்றனர்; அது அவர் கடமை. விருந்தினர் பாடுவது குற்றமன்று. வீட்டுக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு, பாடும் விருந்தினர்க்குக் கைதட்டிக்கொண்டு மட்டும் நிற்கிறானே, அதுவே குற்றம்.

மூலக்குளம் எங்கே?

கடற்கரையிலிருந்து மேற்கே விழுப்புரம் சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மிகுதியாய் நடந்தால் மூலக்குளம் வரும். உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த பகுதி. உழவர்கரை! எத்துணை அழகிய தமிழ்ப்பெயர்! அதைத்தான் பிரெஞ்சியர் நாவு 'உல்கரே' என்று சிதைத்தது. இன்னும் மேற்கே சென்றால் வில்லியனூர். அங்குள்ள திருக்காமீசுவரர் கோயில் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநரே பிடித்திழுத்த வழக்கம் இருந்தது. இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். ஆளவந்த அயலானும் நம் தேருக்கு முன் நாகசுரமும் தவிலும் முழங்கக் கேட்டு நின்றான் என்பது இதன் பொருள். அன்று அவன் நம் தெருவுக்கு வந்தான். இன்று நாம் அவன் விட்டுச்சென்ற தெருவுக்குப் போய் நிற்கிறோம்.

அத்தெருக்களுக்கு இன்று என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள்? 'ஒயிட் டவுன்'! வெள்ளையர் நகர்! பெரிய வாய்க்காலைக் கோடாகக் கிழித்துக் கிழக்கே வெள்ளை நகர், மேற்கே கறுப்பு நகர் என்று பிரித்தவன் 1954 நவம்பர் முதல் நாளன்று ஆட்சியை ஒப்படைத்துவிட்டான். 1962 ஆகத்து 16இல் சட்டப்படியும் உரிமை மாறிற்று. 2006இல் ஊரின் பெயரும் புதுச்சேரி என்றே திருத்தம் பெற்றது. ஆயினும் சுற்றுலாவுக்கு வருவோரிடம் நம்மவரே 'ஒயிட் டவுன்' என்று பல்லிளித்துக் காட்டுகின்றனர். வாய்க்காலுக்கு அப்பாலுள்ள தமிழனின் தெரு 'கறுப்பு நகர்' எனப்பட்ட இழிவின் மறுபக்கமே அப்பெயர் என்பதை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

அம்மேடைகளில் தமிழே ஒலிப்பதில்லை என்று நாம் பொய்யுரைக்க வரவில்லை. ஒலிக்கட்டும், இன்னும் ஒலிக்கட்டும். நம் வினா வேறு. 'தெருவெல்லாம் இசை' என்பது நெறியானால், தெரு என்பது கடலோரத்துத் தெரு மட்டுந்தானா? மூலக்குளத்தில் தெருக்கள் இல்லையா? அங்கே இசைக்கத் தெரிந்த கைகள் இல்லையா?

நம் குற்றமும் உண்டு

இவ்விடத்தில் நம் இயக்கத்தாரையும் இடித்துரைக்காமல் விடலாகாது.

தமிழிசை தமிழிசை என்று நாம் முழங்குகிறோம். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மூண்ட தமிழிசைக் கிளர்ச்சியையும், 1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கத்தையும் பெருமையோடு பேசுகிறோம். 1917இல் ஆபிரகாம் பண்டிதர் தம் பெருநூலால் தமிழிசையின் தொன்மையை நிலைநாட்டியதையும், 1947இல் விபுலானந்த அடிகள் யாழ் நூல் தந்ததையும் மேடைதோறும் சொல்கிறோம். எல்லாம் உண்மை, எல்லாம் பெருமை. ஆனால் தமிழிசையை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? குளிரூட்டிய மன்றத்துக்குள், நாற்காலி வரிசைக்கு முன், பொன்னாடைக்கு நடுவில். பறையை எங்கே வைத்திருக்கிறோம்? சாவு வீட்டு வாசலில்!

தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களை வகுத்தபோது உணவோடும் மரத்தோடும் பறையையும் யாழையும் சேர்த்து வகுத்தார். நிலந்தோறும் ஒரு பறை, நிலந்தோறும் ஒரு யாழ். உண்பதும் உழைப்பதும் போல இசைப்பதும் மண்ணின் இயல்பு என்பது அவர் கருத்து. அப்பறையை அடிப்பவனைச் சேரிக்குத் துரத்திவிட்டுத் தூய தமிழ் பேசுவது என்ன தூய்மை? வடசொல்லைக் களைந்த நாம், வடவர் வழிவந்த தீட்டுக் கோட்பாட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பது நயனா? சொல்லில் கலப்பை நீக்குவோம் என்றால் குமுகாயத்தில் பிரிப்பையும் நீக்கத்தான் வேண்டும். இரண்டும் ஒரே போர்.

நம் இளைஞன் கித்தாரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான் என்று புலம்புகிறோம். அவன் கையில் பறையைக் கொடுத்தவர் யார்? பம்பையையும் உறுமியையும் கற்பித்த பள்ளி எது? நாம் கொடுக்காததை அவன் வேறெங்கோ பெற்றான். அவ்வளவே.

கருவி பகையன்று

கித்தார் அயற்கருவி என்பதனாலேயே அதை ஒதுக்க வேண்டும் என்போர்க்கு ஒன்று சொல்வோம். இன்று எவரும் அயலென்று கருதாத வயலின், ஐரோப்பியரிடமிருந்து வந்து, பாலுசாமி தீட்சிதர் காலத்தில் நம் இசையரங்கில் ஏறியது. கிளாரினெட்டும் வெள்ளையர் படைக்குழுவோடு வந்ததே, ஏ.கே.சி. நடராசன் வாயில் அது தமிழ் பேசவில்லையா? கருவிக்கு மொழியில்லை. அதை எடுப்பவனுக்கே மொழி.

இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டா. நம் ஊருக்குத் தெற்கே அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது உரோம நாட்டு மதுச்சாடிகளும் மெருகேறிய மட்கலங்களும் கிடைத்தன. அதே மேட்டில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வூர்த் தமிழன் யவனனின் சாடியை வாங்கினான். தன் பானையில் தமிழிலேயே எழுதினான். வாங்குவதற்கு அவன் அஞ்சவுமில்லை. வாங்கியதற்காகத் தன் எழுத்தை விற்கவுமில்லை. அந்த நெஞ்சுரம் இன்று நமக்கு எங்கே போயிற்று?

குழு அமைத்த மறுநாளே அதற்கு ஆங்கிலப் பெயர் சூட்டுகிறான் நம் இளைஞன். இசையைக் கடன் வாங்கலாம்; பெயரையுமா கடன் வாங்குவது? 2018 சனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறிய ஒரு குழு, பறையையும் கித்தாரையும் அருகருகே நிறுத்தி, சாதி ஒழிப்பைக் கானாவாய்ப் பாடியது. நாடே திரும்பிப் பார்த்தது. பாட்டு தமிழ், முழக்கம் தமிழ், சீற்றம் தமிழ். அக்குழுவின் பெயரோ 'காசுட்லெசு கலெக்டிவ்'! சாதியற்றோர் என்னும் கருத்துக்குத் தமிழில் சொல்லா இல்லை? பாட்டுக்காகத் தலை வணங்குவோம். பெயருக்காகத் தோழமையோடு இடித்துரைப்போம். இரண்டும் செய்தற்குரியனவே.

பிரெஞ்சியரிடமே கற்போம்

அயலார் விழாவைக் கண்டு மகிழ்வோர் அவ்வயலார் தம் மொழியை எப்படிக் காக்கின்றனர் என்பதையும் கண்டு கற்க வேண்டும். ஆங்கிலப் பாட்டின் வெள்ளம் தம் வானொலியை மூழ்கடிப்பதைக் கண்ட பிரெஞ்சியர் 1994இல் சட்டமியற்றினர். பாட்டு ஒலிபரப்பும் வானொலி நிலையங்கள் நூற்றுக்கு நாற்பது பாட்டுகளைப் பிரெஞ்சு மொழியில் ஒலிபரப்ப வேண்டும். அவற்றுள்ளும் பாதி, புதிய கலைஞர்களுடையனவாகவோ புதிய படைப்புகளாகவோ இருத்தல் வேண்டும். 1996 சனவரியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதே 1994இல் பொதுவாழ்வில் பிரெஞ்சு மொழியின் ஆட்சியை உறுதிசெய்யும் மற்றொரு சட்டமும் வந்தது. எல்லாரும் தெருவில் பாடுங்கள் என்ற நாடுதான், எம்மொழியில் பாடுகிறீர்கள் என்றும் கேட்டது.  தமிழன் அதையே கேட்டால் வெறியன் என்கிறார்கள்!

நமக்கு உரிமை இல்லையா? 1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே, மக்கள் தேர்ந்தெடுத்த பேராளர் வேறு முடிவெடுக்கும் வரைதான் பிரெஞ்சு இங்கே ஆட்சிமொழி என்று எழுதப்பட்டது. 1965இல் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அரியணையில் அமர்த்தியது. அரியணை ஏட்டில் இருக்கிறது. தெருவில் இருக்கிறதா என்பதே வினா.

செய்ய வேண்டியது

ஆகலின், புறக்கணிப்பு வேண்டா; போட்டிக் கூச்சலும் வேண்டா. அந்நெறியை அப்படியே எடுத்து மூலக்குளத்தில் நடுவோம். அதே சூன் 21. ஆனித் திங்களின் முதற்கிழமை. கடலோரத்தில் விருந்தினர் இசைக்கும் அதே மாலையில் மூலக்குளத் தெருக்களில் நாம் இசைப்போம்.

முதலாவது, தெருத்தெருவாய்க் கணக்கெடுப்போம். எவர் வீட்டில் தவில் உண்டு, எவர் வீட்டில் பறை உண்டு, எந்தப் பாட்டி தாலாட்டும் ஒப்பாரியும் அறிவாள், எந்த மாணவன் கித்தார் மீட்டுவான் என்று எழுதிக்கொள்வோம். பிரெஞ்சியரும் இத்தகைய கணக்கிலிருந்தே தொடங்கினர்.

இரண்டாவது, பறைக்கும் நாகசுரத்துக்கும் ஒரே மேடை, ஒரே மதிப்பு. பறைஞர் கீழே நிற்க மற்றவர் மேலே அமரும் மேடை நமக்கு வேண்டா.

மூன்றாவது, பிரான்சில் அன்று இசைப்போர் ஊதியம் கருதாது இசைக்கின்றனர். பொழுதுபோக்காய் இசைப்போர்க்கு அது பொருந்தும். இசையையே பிழைப்பாய்க் கொண்ட நம் பறைஞர்க்கும் கூத்தர்க்கும் அது பொருந்தாது. அவர்க்குரிய கூலியை ஊரார் தண்டிக் கொடுக்க வேண்டும். கேட்போர்க்குக் கட்டணமில்லை, கலைஞர்க்குப் பட்டினியுமில்லை.

நான்காவது, எக்கருவியும் வரலாம். பாட்டும் குழுப்பெயரும் அறிவிப்பும் தமிழாயிருத்தல் வேண்டும். பாட்டில்லை என்று எவரும் கைவிரிக்க வேண்டா. பத்தாண்டுகள் புதுவையில் வாழ்ந்த பாரதியாரும், இம்மண்ணிலேயே பிறந்த பாவேந்தரும் மக்கள் வாயில் நிற்கும் மெட்டுகளிற் பாடிக் குவித்துள்ளனர். தெருவில் பிறந்த சிந்துக்கு யாப்பிலக்கணம் வகுத்த முனைவர் இரா. திருமுருகனாரும் புதுவையரே. பாட்டு இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது, தெரு இருக்கிறது. வாய் திறப்பதுதான் எஞ்சியுள்ளது.

முதலாண்டில் ஐந்தே பேர் வரலாம். எள்ளி நகைப்போரும் வரலாம். வரட்டும்! கேட்க வந்தவன் கையிலும் ஒரு சிறுபறையைக் கொடுப்போம். அடுத்த ஆண்டு அவனும் இசைப்போர் வரிசையில் நிற்பான்.

தமிழனே! கைதட்டியது போதும். அதே கையால் பறையை எடு. கடலோரத்து முழக்கம் மேற்கே கேட்கிறது. மூலக்குளத்து முழக்கம் கிழக்கே கடல்வரை கேட்கட்டும்!